செத்த குரங்கும் பறந்து வந்த பறவையும்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை ஏரியை நிரப்பியதும் பழவேற்காட்டுக்கு இரண்டு கூட்டத்தார் வருகின்றனர். ஒரு கூட்டத்தார் தொலைநோக்கியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சென்னையிலிருந்து வருபவர்கள். ஞாயிறு மாலையே திரும்பிவிடுவார்கள். மற்றொரு கூட்டத்தார் சைபீரியா, மத்திய ஆசியா முதலிய வடபுலங்களிலிருந்து சிறகடித்து வரும் உள்ளான்களும் ஊசிவால் வாத்துக்களும் ஆவர். இவை பங்குனி வரை இருந்து, சேற்றைக் கிளறி உண்டு, கொழுத்துத் திரும்புகின்றன. நம் கல்லூரிக்குக் குப்பங்களிலிருந்து வரும் மாணவர்களுக்கு இப்பறவைகள் புதுமையல்ல. பாடு முறைப்படி வலை விரிக்கும் இடத்திற்குப் படகில் செல்லும்போது இடமும் வலமும் நிற்கும் அண்டை வீட்டார் அவை.

இந்த அண்டை வீட்டாரின் இனத்தார் மீது ஒரு காலத்தில் பெருங் குற்றம் ஒன்று சாட்டப்பட்டது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. மைசூர் மாநிலத்து மலைநாட்டில் குரங்குகள் கூட்டங் கூட்டமாகச் செத்து விழுந்தன. அதைத் தொடர்ந்து மனிதரும் இறந்தனர். அந்த நோயை வடநாட்டிலிருந்து சுமந்து வந்தவை வலசைப் பறவைகளோ என்று அறிஞர்கள் ஐயுற்றனர். குரங்குக்கும் பறவைக்கும் என்ன தொடர்பு? மலைநாட்டுக் காட்டுக்கும் நம் உப்பங்கழிக்கும் என்ன தொடர்பு? விலங்குகளின் நடத்தை, அவை வாழும் சூழல், தொற்றுநோய் ஆகிய மூன்றையும் தனித்தனிப் பாடங்களாகப் படிக்கும் நமக்கு, மூன்றும் ஒன்றே எனக் காட்டும் வரலாறு இது. ஆகவே சற்று விரிவாகவே காண்போம்.

காட்டில் நடந்தது

1957ஆம் ஆண்டு மார்ச்சு மாத வாக்கில், ஷிமோகா மாவட்டம் சொரபா வட்டத்தைச் சார்ந்த கியாசனூர் காட்டுப் பகுதியில் குரங்குகள் செத்துக் கிடப்பதாகச் செய்தி வந்தது. செய்தியைக் கொண்டுவந்தவர்கள் விஞ்ஞானிகள் அல்லர். விறகு வெட்டவும் மாடு மேய்க்கவும் காட்டுக்குள் போய்வந்த கிராமத்தார்தாம் முதலில் கண்டனர். அதே நாட்களில் அவர்களுள் பலர் திடீர்க் காய்ச்சலில் விழுந்தனர். கடுந் தலைவலி, முதுகிலும் கெண்டைக்காலிலும் தாங்கொணாத தசைவலி, கண் சிவத்தல், சிலருக்கு மூக்கிலும் ஈறிலும் குடலிலும் குருதிக் கசிவு ஆகியவை இதன் குறிகள். சிலருக்குக் காய்ச்சல் தணிந்து ஓரிரு வாரங்கழித்து மீண்டும் திரும்பி, மூளையைத் தாக்கி, கைநடுக்கத்தையும் மனக்குழப்பத்தையும் உண்டாக்கும். நூற்றுக்கு மூவர் முதல் ஐவர் வரை இறப்பர். கன்னடத்தில் மக்கள் இதற்கு இட்ட பெயர் 'மங்கன காயிலே', அதாவது குரங்கு நோய். நூல்களில் கியாசனூர் காட்டு நோய் எனப்படுகிறது.

குரங்கு சாகிறது, உடனே மனிதன் சாகிறான் என்ற செய்தி உலகச் சுகாதார வட்டாரங்களைக் கலக்கியது. காரணம் மஞ்சள் காய்ச்சல். தென் அமெரிக்கக் காடுகளில் ஊளைக் குரங்குகளின் ஓசை அடங்கினால் மஞ்சள் காய்ச்சல் வருகிறது என்று பொருள். இந்தியாவிலோ மஞ்சள் காய்ச்சல் இல்லை. ஆனால் அதைப் பரப்பவல்ல ஏடிஸ் கொசு ஊர்தோறும் உண்டு. நோயை ஒருமுறையும் கண்டிராத கோடிக்கணக்கான மக்கள், பரப்புவதற்கு ஆயத்தமாகக் கொசு. வைரசு மட்டும் வந்துவிட்டால் என்ன ஆகும்?

புனாவில் 1952ஆம் ஆண்டு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ராக்ஃபெல்லர் நிறுவனமும் சேர்ந்து அமைத்திருந்த வைரசு ஆராய்ச்சி மையம் உடனே ஆட்களை அனுப்பியது. (இதுவே 1978இல் தேசிய வைராலஜி நிறுவனம் எனப் பெயர் பெற்றது.) டெல்ஃபோர்டு ஒர்க், ஹெரால்டு டிராப்பிடோ என்னும் அமெரிக்க அறிஞர்களும் அவர்களுடன் இந்திய ஆய்வாளர்களும் காட்டில் முகாமிட்டனர். செத்த குரங்கின் உறுப்புகளிலிருந்தும் நோயாளிகளின் குருதியிலிருந்தும் வைரசு பிரித்தெடுக்கப்பட்டது. மஞ்சள் காய்ச்சல் அன்று! ரஷ்ய நாட்டு வசந்த கோடை மூளைக்காய்ச்சல் எனப்படும் நோயின் வைரசுக்கு உறவான, அதுவரை உலகம் அறியாத புதியதொரு வைரசு அது. கொசு அதைப் பரப்பவில்லை, உண்ணி பரப்பியது. இவ்வாய்வு எளிதில் நடந்ததன்று. ஆய்வுக்கூடத்தில் வைரசைக் கையாண்ட பணியாளர் பலரும் அதே காய்ச்சலில் படுத்தனர் என்பதை நாம் மறக்கலாகாது.

உண்ணியின் கதை

மாட்டின் காதுமடலிலும் மடியிலும் ஒட்டிக்கிடக்கும் உண்ணியை நாம் அறிவோம். இந்நோயைப் பரப்புவது அதே குடும்பத்தைச் சார்ந்த ஹீமாஃபைசாலிஸ் ஸ்பினிஜெரா என்னும் காட்டு உண்ணி. இதன் வாழ்க்கையை விளங்கிக்கொண்டால்தான் நோயின் வாழ்க்கை விளங்கும். மாணவர்கள் இப்பகுதியைப் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

பெண் உண்ணி சருகுக் குவியலில் முட்டையிட்டு மடிகிறது. மழைக்காலம் முடியும் தறுவாயில் ஆறுகால் குஞ்சுகள் வெளிவருகின்றன. அவை எலி, மூஞ்சூறு, தரையில் மேயும் காட்டுப்பறவை, குரங்கு என எதிர்ப்பட்டதன் மீது ஏறிக் குருதி குடித்து, கீழே விழுந்து, தோலுரித்து எட்டுக்கால் இளம் உண்ணியாகின்றன. கடுகளவும் இராத இவ்விளம் உண்ணிதான் மனிதனைப் பெரிதும் கடிப்பது. கார்த்திகை, மார்கழியில் தொடங்கி வைகாசி வரை இதன் ஆட்சி. நோயும் சரியாக அம்மாதங்களில்தான் காண்கிறது. இது மீண்டும் ஒரு விலங்கின் குருதியைக் குடித்து விழுந்து முதிர்ந்த உண்ணியாகிறது. முதிர்ந்த உண்ணிக்குச் சிறு விலங்கு போதாது. மாடு, மான், காட்டெருது போன்ற பெரிய உடம்பு வேண்டும். ஆக மூன்று பருவம், மூன்று விருந்தாளிகள், மூன்று வேளை உணவு. ஒரு வேளையில் குடித்த வைரசை அடுத்த வேளை உணவின்போது இன்னொரு உடம்பில் இறக்கிவிடுகிறது.

இங்கே மாட்டின் பங்கு வேடிக்கையானது. மாட்டின் உடம்பில் இவ்வைரசு பெருகி உண்ணிக்குத் தொற்றும் அளவை எட்டுவதில்லை. மாட்டுக்கு நோயும் இல்லை. ஆனால் மாடு இல்லாவிட்டால் முதிர்ந்த உண்ணிக்கு இவ்வளவு உணவு இல்லை. முட்டையும் இவ்வளவு இல்லை. குற்றவாளிக்குச் சோறு போட்ட வீட்டுக்காரனைப் போல மாடு நிற்கிறது. கொலம்பியாவில் மஞ்சள் காய்ச்சலை ஆராய்ந்து புகழ்பெற்ற ஜோர்ஜ் போஷெல் பின்னர் இக்காட்டிலும் பணியாற்றினார். கொலம்பியாவில் மரம் சாயும்போது உச்சிக்கிளையில் வாழும் நீலக் கொசுக்கள் கூட்டமாகக் கீழிறங்கி வெட்டுபவனை மொய்ப்பதைக் கண்டு, காட்டு மஞ்சள் காய்ச்சல் மனிதனை அடையும் வழியைச் சொன்னவர் அவர். மலைநாட்டிலும் அவர் கண் காட்டின் ஓரத்திலேயே நின்றது. காட்டை வெட்டி வயலாக்கினார்கள். வயலில் உழைக்க மக்கள் வந்தார்கள். மக்களுடன் மாடுகள் வந்தன. மாடுகள் மிச்சக் காட்டில் மேய்ந்தன. வெட்டிய இடத்தில் லாண்டானா என்னும் அந்நியப் புதர் அடர்ந்தது. அதன் அடியில் எலியும் ஈரச் சருகும் உண்ணியும் செழித்தன. தமிழில் அப்புதருக்கு உண்ணிச்செடி என்று பெயர். அப்பெயர் எவ்வழி வந்திருப்பினும் இவ்விடத்தில் எவ்வளவு பொருந்திவிட்டது பாருங்கள்!

வைரசு நேற்று முளைத்ததன்று. எலியும் உண்ணியும் அதைத் தம்முள் அமைதியாகக் கைமாற்றி வந்திருக்கும் என்பது இவ்விளக்கத்தின் உட்கருத்து. காட்டின் ஓரத்தை மனிதன் கலைத்ததால் உண்ணியின் தொகை பெருகியது. குரங்கும் மனிதனும் வலையில் விழுந்தனர். இதற்குப் பிற்காலச் சான்றும் உண்டு. 1980களின் தொடக்கத்தில் தென் கன்னட மாவட்டத்துப் பெல்தங்கடி வட்டத்தில் முந்திரித் தோட்டம் போடுவதற்காகக் காட்டை வெட்டிய இடத்தில்தான் நோய் பெருவாரியாக வெடித்தது.

குரங்கின் குடும்பம்

இனிக் குரங்குக்கு வருவோம். நோய்க்கு ஆளானவை இரண்டு இனம். ஒன்று, கருமுகமும் நீண்ட வாலும் உடைய சாம்பல் நிற அனுமன் குரங்கு; பழந்தமிழர் முசு என்றது இவ்வகையையே என்பர். மற்றொன்று, உச்சந்தலை மயிர் குல்லாய்போல் விரிந்த நம் நாட்டுக்குரங்கு. கோதாவரிக்குத் தெற்கே ஊர்தோறும் கோயில்தோறும் இருப்பது இதுவே; பழவேற்காட்டுக்கு எதிரே ஸ்ரீஹரிகோட்டாத் தீவின் காட்டிலும் இதுவே உண்டு. தொல்காப்பிய மரபியல் குரங்கு, முசு, ஊகம் என மூன்றாகப் பிரித்து, மூன்றன் பெண்ணையும் மந்தி என்று வழங்கச் சொல்வதை இலக்கிய மாணவர்கள் அறிவர். குரங்கென்று ஒரே சொல்லால் முடித்துவிடாமல் இனம் பிரித்துப் பார்த்த கண் நம் முன்னோருக்கு இருந்தது. நோயாய்விலும் அந்தப் பிரிப்பே பயன்பட்டது. ஏனெனில் நோய் தோன்றிய முதல் சில ஆண்டுகளில் கணக்கில் வந்த ஆயிரத்துக்கு மேற்பட்ட குரங்குச் சாவுகளில் பெரும்பகுதி முசு, நாட்டுக்குரங்கு குறைவு.

இதே காலத்தில், அக்காட்டுக்கு வடக்கே தார்வார் பகுதியில், யுகிமாரு சுகியாமா என்னும் ஜப்பானிய அறிஞர் முசுக்களின் நடத்தையை ஆராய்ந்துகொண்டிருந்தார். 1961 முதல் 1963 வரை அவர் கண்டது உலகையே வியக்கவைத்தது. பல பெண்களுக்கு நடுவே ஒரே ஆண் தலைவனாக இருக்கும் கூட்டங்கள் ஒருபுறம். தலைமையில்லாத ஆண்களே சேர்ந்து திரியும் கும்பல்கள் மறுபுறம். கும்பல் ஒருநாள் கூட்டத்தைத் தாக்கித் தலைவனை விரட்டும். அவர்களுள் ஒருவன் புதுத் தலைவனாவான். பழைய தலைவனின் பால்குடி மாறாத குட்டிகளைக் கடித்துக் கொல்வான். நாட்டுக்குரங்கின் குடும்பம் அப்படியன்று. அதில் பல ஆண்கள் ஒரே கூட்டத்தில் பொறுத்துப்போய், ஒருவரையொருவர் அணைத்து, மயிர் கோதிக் காலம் கழிப்பார்கள்.

இவ்விரண்டு ஆராய்ச்சிகளையும் சேர்த்துவைத்துப் பார்க்கும்போதுதான் பாடம் சுவைக்கிறது. பேன் பார்த்தல் என்று நாம் கேலி செய்யும் மயிர் கோதுதல், கூட்டத்தின் உறவைக் காக்கும் செயல் மட்டுமன்று. உண்ணியைப் பொறுக்கும் செயலும் ஆகும். நோய்ப்பட்டுச் சுருண்ட குரங்கு தன்னையும் கோதாது, பிறர் கோதவும் இராது. அதன் உடம்பில் உண்ணி தங்கும் என்று ஊகிப்பதில் தவறில்லை. ஒரு கூட்டத்தின் தலைவன் மாண்டால் அயல் ஆண்கள் அவ்விடம் நாடி வருவர். அவர்களுடன் உண்ணியும் எல்லை தாண்டும். ஆனால் கொடுமையான கட்டம் சாவுக்குப் பின்னரே. குரங்கின் குருதியில் வைரசு நிறைந்திருக்கும் வேளையில் அதைக் குடித்த நூற்றுக்கணக்கான உண்ணிக் குஞ்சுகள், உடல் ஆறியதும் ஒரே இடத்தில் உதிர்கின்றன. செத்த குரங்கைச் சுற்றியுள்ள சில பத்தடி நிலம், தோலுரித்துப் பசியோடு காத்திருக்கும் நச்சு உண்ணிகளின் களமாகிவிடுகிறது. அவ்வழியே சுள்ளி பொறுக்கச் செல்பவள் காலில் அவை ஏறுகின்றன. எனவே குரங்கு மனிதனுக்கு நேரே நோய் தருவதில்லை. மனிதனிடமிருந்து மனிதனுக்கும் இது தொற்றுவதில்லை. மனிதன் இவ்வைரசுக்கு முட்டுச்சந்து.

குறுந்தொகையில் கடுந்தோட் கரவீரனார் பாடிய பாட்டொன்றில், கடுவன் இறந்ததும் மந்தி தன் குட்டியைச் சுற்றத்திடம் ஒப்படைத்துவிட்டு மலையிலிருந்து பாய்ந்து உயிர்விடுகிறது. அது கவிஞன் கண்ட காட்சி. உண்மையில் குரங்கு அப்படிச் செய்யுமா என்று விலங்கியல் மாணவன் கேட்கலாம். கேட்கட்டும். ஆனால் காட்டில் ஒரு குரங்கு செத்தால் அதை நின்று பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அக்கவிஞனுக்கு இருந்தது. சொரபாக் கிராமத்தாருக்கும் இருந்தது.

பறவைமேல் வந்த பழி

புதிய வைரசு ரஷ்ய வைரசுக்கு உறவு என்று தெரிந்தவுடன் அடுத்த கேள்வி எழுந்தது: சைபீரியக் காட்டு நோயின் உறவினன் மைசூர்க் காட்டுக்கு எப்படி வந்தான்? ஆண்டுதோறும் அங்கிருந்து இங்கே வருவோர் யார்? பறவைகள். உண்ணி ஒருமுறை கடித்துப் பற்றினால் பல நாட்கள் விடுவதில்லை. அந்நாட்களில் பறவை நாடு கடந்துவிடும். ஆகவே பறவையின் இறகுக்குள் ஒளிந்து உண்ணி வந்திருக்கலாம் என்ற கருத்து பிறந்தது. கேட்பதற்கு மிகப் பொருத்தமாக இருந்தது.

இதனைச் சோதிக்கும் வாய்ப்பைப் பறவையியல் அறிஞர் டாக்டர் சாலிம் அலி பயன்படுத்திக்கொண்டார். உலகச் சுகாதார நிறுவனத்தின் பொருளுதவியுடன் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1959ஆம் ஆண்டு தொடங்கி வலசைப் பறவைகளைப் பிடித்து, காலில் எண்ணிட்ட வளையம் பூட்டி, உடம்பிலுள்ள உண்ணிகளைச் சேகரித்து விடுவித்தது. ஆயிரமாயிரமாகப் பறவைகள் வளையமிடப்பட்டன. பின்னாளில் நம் தமிழகத்துக் கோடிக்கரை இப்பணியின் தலையாய நிலையங்களுள் ஒன்றாயிற்று. எந்தப் பறவை எங்கிருந்து வருகிறது, எவ்வழியே செல்கிறது என்று இன்று நாம் துணிந்து சொல்வதற்கு இந்த வளையங்களே பெருங் காரணம். குரங்கின் சாவு பறவையியலுக்குச் செய்த தொண்டு என்று இதனைச் சொல்லலாம்.

ஆனால் பிற்பகுதி கசப்பானது. உலகச் சுகாதார நிறுவனத்தின் உதவி நின்றபின் அமெரிக்க இராணுவத்தின் மருத்துவ ஆய்வுப் பிரிவைச் சார்ந்த திட்டம் ஒன்றிலிருந்து பணம் வந்தது. பறவை வழியே நோய் பரவுமா என்று ஓர் இராணுவம் ஏன் கேட்கிறது என்ற ஐயம் செய்தித்தாள்களில் எழுந்து, 1970களின் நடுவில் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவின் விசாரணை வரை சென்றது. கிருமிப் போருக்கான ஒத்திகையோ என்று கூடப் பேசப்பட்டது. பறவை ஆய்வாளர்கள் மனம் வருந்தினர். கேள்வி கேட்டவர்களுக்கும் நியாயம் இருந்தது. என் கருத்தைச் சொல்வதானால், ஆய்வின் நோக்கத்தையும் பணம் வந்த வழியையும் முதல் நாளே மக்கள்முன் வைத்திருந்தால் பாதிக் கசப்பு இராது.

சரி, பறவை குற்றவாளியா? பறவையின் உடம்பில் உண்ணிகள் கிடைத்தது உண்மை. உண்ணியை நாடு கடத்தும் ஆற்றல் பறவைக்கு உண்டு என்பதும் பல நாடுகளில் காணப்பட்ட உண்மை. ஆயினும் கியாசனூர் வைரசைச் சைபீரியாவிலிருந்து பறவை கொணர்ந்தது என்பதற்குச் சான்று கிட்டவில்லை. காட்டு உண்ணியின் குஞ்சுகள் ஏறுவது தரைச்சருகில் மேயும் உள்ளூர்க் காட்டுக்கோழி போன்றவற்றின் மேல். அவை கண்டம் கடப்பவை அல்ல. பிற்காலத்தில் வைரசுகளின் மரபுப்பொருளை எழுத்தெழுத்தாகப் படிக்க முடிந்தபோது வேறொரு வியப்பு காத்திருந்தது. 1990களில் சவூதி அரேபியாவில் ஆடு அறுப்போரிடமும் கால்நடை கையாள்வோரிடமும் ஒரு குருதிக்கசிவுக் காய்ச்சல் கண்டது. அல்குர்மா எனப்படும் அதன் வைரசுதான் கியாசனூர் வைரசுக்கு மிக நெருங்கிய உடன்பிறப்பு. சைபீரியாவை நோக்கி நீட்டிய விரல் திசை மாறிவிட்டது.

பரவிய நோய்

நெடுங்காலம் கர்நாடகத்தின் சில மாவட்டங்களுக்குள் அடங்கிக் கிடந்ததாக எண்ணப்பட்ட நோய் 2012க்குப் பின் எல்லை தாண்டியது. பந்திப்பூர்க் காட்டிலும், அதை ஒட்டி நம் நீலகிரியிலும் குரங்குகளில் இவ்வைரசு காணப்பட்டது. பின்னர் கேரளத்து வயநாடு, கோவா, மகாராட்டிரத்துச் சிந்துதுர்க்கம் எனப் பரவியது. சிந்துதுர்க்கத்திலும் முந்திரித் தோப்பில் உழைத்தோரே பலர் நோயுற்றனர். 2019இன் தொடக்கத்தில் ஷிமோகா மாவட்டம் சாகரா வட்டத்து அரலகோடு பகுதியில் பலர் இறந்தனர். 1990 முதல் கர்நாடகத்தில் பயன்பட்டுவந்த தடுப்பூசி போதிய பயன் தரவில்லையென்று 2022இல் நிறுத்தப்பட்டது. புதிய தடுப்பூசிக்கான பணி நடைபெறுகிறது. அதுவரை காட்டுக்குள் செல்வோர் கை, கால்களில் பூச்சிவிரட்டி எண்ணெய் பூசுவதும், திரும்பியதும் வெந்நீரில் குளித்து உண்ணி பார்ப்பதும், செத்த குரங்கு கிடந்தால் கிட்ட நெருங்காமல் செய்தி சொல்வதுமே காப்பு.

ஏரிக்கரைக்கு வருவோம்

மனிதருக்கு இந்நோய் கண்ட இடங்கள் யாவும் மேற்குத் தொடர்ச்சி மலையையும் அதன் சாரலையும் ஒட்டியவை. சுமார் 60 கிலோமீட்டர் நீண்டு, சராசரி ஒரு மீட்டர் ஆழமே உள்ள நம் உப்பங்கழிக்கும் அந்த ஈரக்காட்டுச் சருகுக்கும் வெகுதொலைவு. உப்புச் சேற்றில் நிற்கும் உள்ளானின் காலில் காட்டு உண்ணி ஏற வழியில்லை. ஆகவே பழவேற்காட்டார் குரங்குக் காய்ச்சலுக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் பறவைமேல் விரல் நீட்டும் கதை இங்கும் வந்துவிட்டது. இம்முறை வைரசு வேறு.

2005ஆம் ஆண்டு சீனாவின் சிங்காய் ஏரியில் பட்டைத்தலை வாத்துக்கள் ஆயிரக்கணக்கில் பறவைக் காய்ச்சலால் இறந்தன. அதே இனம் குளிர்காலத்தில் நம் கூந்தன்குளத்துக்கு வருவது. 2006 பிப்ரவரியில் மகாராட்டிரத்து நவாப்பூர்க் கோழிப்பண்ணைகளில் நோய் முதன்முதலாக இந்தியாவில் கண்டது. 2024 பிப்ரவரியில், பழவேற்காட்டு ஏரிக்கு அண்மையில் உள்ள நெல்லூர் மாவட்டத்திலேயே கோழிகள் இந்நோயால் மாண்டன. அதுபோன்ற நாட்களில் ஏரியைச் சுற்றி வாழ்வோரின் அச்சம் இயல்பானதே. பறவை பார்க்க வருவோர் நின்றால் படகோட்டியின் வருமானம் நிற்கும். ஏரி மீனையே வாங்கத் தயங்குவாரும் உண்டு. முகத்துவாரம் தூர்ந்து மீன்வரத்து குறைந்த ஆண்டில் இது இன்னொரு அடி.

இங்கே கியாசனூர் வரலாறு நமக்கு உதவுகிறது. அங்கே முதல் ஐயம் கொசுமேல். இரண்டாவது ஐயம் பறவைமேல். உண்மையில் கேடு விளைந்த இடமோ மனிதன் கலைத்த காட்டோரம். பறவைக் காய்ச்சலிலும் காட்டுப்பறவை முற்றும் குற்றமற்றது என்று நான் வாதிட வரவில்லை; அவை வைரசைச் சுமப்பது மெய்ப்பிக்கப்பட்டது. ஆனால் ஆயிரக்கணக்கான கோழிகளை ஒரே கொட்டகையில் நெருக்கி வளர்ப்பது, நோய்ப்பட்ட கோழியை அவசரமாக விற்றுத் தள்ளுவது, செத்ததை நீர்நிலையில் எறிவது ஆகிய செயல்கள் பறவையுடையவை அல்ல. லாண்டானாப் புதரும் மேய்ச்சல் மாடும் அங்கே செய்த வேலையை இங்கே இவை செய்கின்றன. பூநாரையை விரட்டிவிட்டால் நோய் போய்விடும் என்பவர் மாட்டை விட்டுவிட்டுக் குரங்கைச் சுட்டவர் ஆவார்.

மற்றொன்று. மலைநாட்டில் நோயை முதலில் அறிவித்தவை செத்த குரங்குகள். அவற்றை முதலில் கண்டவர்கள் காட்டில் நாள்தோறும் நடந்தவர்கள். ஏரியில் நாள்தோறும் நடப்பவர் யார்? கோட்டைக்குப்பத்திலும் லைட்ஹவுஸ் குப்பத்திலும் விடியுமுன் படகெடுப்போரும், இடுப்பளவு நீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களும்தாம். எந்தத் திட்டில் எத்தனை கூழைக்கடா தங்கும், எது சோர்ந்து நிற்கிறது, எங்கே மீன் செத்து மிதக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்கு எந்த அலுவலரையும்விட முன்னரே தெரியும். தமிழகப் பகுதி 1980இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டபின், பறவையைப் பற்றி வனத்துறையிடம் பேசினால் வேட்டைக்காரன் என்று எண்ணிவிடுவார்களோ என்ற தயக்கம் சிலரிடம் இருக்கக்கூடும். அந்தத் தயக்கம் நீங்காவிட்டால் இரண்டு சாவு காணும்போதே சொல்லவேண்டிய செய்தி இருநூறு ஆனபின்தான் வெளியே வரும். சொரபாக் கிராமத்தார் சொன்னது கேட்கப்பட்டதால்தான் புனாவிலிருந்து ஆட்கள் வந்தனர்.

விலங்கியல் துறை மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்லலாம். குளிர்காலத்தில் வாரம் ஒருமுறை, குப்பத்திலிருந்து வரும் நம் தோழர்களிடம், எங்கே என்ன பறவை செத்துக் கிடந்தது என்று கேட்டு ஒரு நோட்டில் தேதியிட்டு எழுதிவந்தாலே போதும். செத்ததே இல்லையென்றால் இல்லை என்று எழுதவேண்டும், அதுவும் தரவே. இறந்த பறவையின் காலில் உலோக வளையம் இருந்தால், தொடாமல் படம் எடுத்து எண்ணைக் குறித்துக்கொண்டு, அதில் பொறித்திருக்கும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு எழுதலாம்.

ஒரே இடத்தில் பல பறவைகள் இறந்து கிடந்தால் வெறுங்கையால் எடுக்கலாகாது. நாய் இழுக்க விடலாகாது. வனத்துறைக்கோ அருகிலுள்ள கால்நடை மருத்துவமனைக்கோ அன்றே சொல்லவேண்டும். அவர்கள் எடுக்கும் மாதிரி, பறவைக் காய்ச்சலை உறுதிசெய்யும் போபால் உயர்பாதுகாப்பு விலங்குநோய் நிறுவனத்துக்குப் பனிக்கட்டியில் வைத்து அனுப்பப்படுகிறது. உதவி செய்கிறோம் என்று எண்ணி, செத்த பறவையை மீன் வைக்கும் ஐஸ் பெட்டியில் போட்டுக் கரைக்குக் கொண்டுவருவதை மட்டும் யாரும் செய்யக்கூடாது.